‘மைல்டு’ தலைக்காயமும் நெடுநாள் மூளை மாற்றமும்: என்ன பெயர் வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி வட்டார முன்னாள் படைவீரர்களுக்கான கையேட்டு வரைவில் ‘மைல்டு’ என்பது ‘மிதமான’ என்று இருக்கிறது. மாற்ற வேண்டும். அடிபட்டவரின் விழிப்புநிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 13–15 மைல்டு, 9–12 மாடரேட், 8-உம் அதற்குக் கீழும் சிவியர். ‘மிதமான’ என்று படிப்பவர் நடுப்படியைத்தான் நினைப்பார். ‘லேசான’ போதும். அந்த லேசும் அடிபட்ட அன்றைய கணக்குதான்: நினைவு தப்பியது 30 நிமிடத்துக்குள், மறதி 24 மணி நேரத்துக்குள். அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், நினைவே தப்பாத லேசான காயக்காரர்களுக்கும் டிமென்ஷியா (மறதிநோய்) வாய்ப்பு, காயமே படாதவர்களைவிட இரு மடங்கைத் தாண்டியது.

அடிபட்டதும் மூளை சற்று நேரம் தடுமாறும் ‘கன்கஷன்’ என்பதற்கு ‘மூளை அதிர்ச்சி’ வேண்டாம். அதிர்ச்சி என்றால் துக்கச் செய்தியோ கரண்டோதான் நினைவுக்கு வரும். ‘மூளைக் குலுக்கம்’ என்கிறேன். நெடுநாள் கழித்து வரும் மூளை மாற்றத்துக்கு ‘மூளைச் சிதைவு’ என்கிறேன்.

— குன்னூர்

> ‘மூளைக் குலுக்கம்’ என்கிறேன்

டாக்டர், ‘லேசான’ சரி. குலுக்கம், வண்டி கவிழ்ந்தவருக்குப் பொருந்தும்: மண்டைக்குள் மூளை திருகி நரம்பிழைகள் இழுபடுகின்றன. குண்டுவெடிப்பில் தலை எதிலும் மோதாமலே அழுத்த அலை ஊடுருவலாம். அப்படிச் சிக்கியவர்களின் மூளையை இறந்தபின் ஆராய்ந்தபோது, சாம்பல்பொருளும் (நரம்பணுக்கள் உள்ள பகுதி) வெண்பொருளும் (நரம்பிழைகள் உள்ள பகுதி) சேரும் ஓரத்திலும் ரத்தக்குழாய்களைச் சுற்றியும் வடுக்கள் தெரிந்தன.

‘அடிச்ச அடியில பொறி கலங்கிடுச்சு’ என்கிறோமே, அதையே எடுப்போம்: ‘பொறிகலக்கம்’. காரணத்தை விட்டுவிட்டு அறிகுறியைச் சொல்கிறது. ‘மயங்குனீங்களா?’ என்றால் பட்டாளத்துக்காரர் ‘அதெல்லாம் இல்லை’ என்று முடித்துவிடுவார். ‘பொறி கலங்குச்சா? அதுக்கு முன்னாடி கடைசியா நினைவிருக்கிறது எது, அப்புறம் முதல்ல நினைவிருக்கிறது எது?’ என்று கேட்டால் மறதியின் நீளமே கிடைத்துவிடும். படுகு பேசும் பெரியவர்களிடம் இதை அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும்.

‘சிதைவு’ அதிகம். சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, திசுவில் நீர் அசைவதைப் படமெடுக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யில் வெண்பொருள் நார்களின் ஒழுங்கு குறைந்து தெரியலாம். அதுவும் குழுவாக ஒப்பிடும்போது காணும் வேறுபாடு. ஒருவர் படத்தை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களிடம் காணும், மூளையில் டாவ் புரதம் படியும் சி.டி.இ. நோய்க்கு ‘சிதைவு’ இருக்கட்டும். அதை இறந்தபின் திசுவில்தான் உறுதிசெய்கிறார்கள். மற்றதற்கு ‘நெடுநாள் பின்மாற்றம்’.

— கோத்தகிரி

அம்மா, ‘பின்மாற்றம்’ அப்படியே ஏற்கிறேன். ‘பொறிகலக்கம்’ தனியாக நின்றால் என்ஜின் கோளாறு மாதிரி இருக்கிறது. கையேட்டில் முதலில் வரும் இடத்தில் ‘தலைக்காயப் பொறிகலக்கம்’ என்று போடுங்கள். தூக்கமின்மை, எரிச்சல், கவனக்குறைவு போர்க்கால மனவடுவிலும் வரும். ஆகவே அறிகுறிப் பட்டியலை ‘பின்மாற்றம்’ என்ற தலைப்பின் கீழ் வைக்காதீர்கள்.

— குன்னூர்