விலை குறைந்த பெய்ட்காஸ்டிங் றீல்: கிறீஸ் பூசிய பின் மூன்று கோளாறுகள்

நோர்வூட் கரைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் கைநூல் போட்டுப் பழகிய எனக்கு, கடந்த வருடம் அம்மா கைக்காசுக்குக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் ஒரு பெய்ட்காஸ்டிங் றீல் (எறியும்போது நூல் உருளை தானே சுழன்று நூலை விடும் தூண்டில் றீல்) வாங்கித் தந்தார். அந்த உருளை மிகை வேகத்தில் சுழலாமல் தடுக்கும் காந்தத் தடுப்பு உள்ள, பிளாஸ்ரிக் உடலுடன் கூடிய, விலை குறைந்த றீல்தான். 12 இறாத்தல் தங்கூசி சுற்றி, 15 கிராம் ஈயமும் மண்புழுவும் கட்டி எறிந்தால், முதல் சில மாதங்கள் நன்றாகவே தூரம் போனது.

ஆடி மாதத்து மழையில் இரண்டு நாட்கள் நனைந்த பிறகு அதற்குள் சரசரவென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. மோட்டார்சைக்கிள் திருத்தும் கடையொன்றில் கொடுத்தேன். அவர்கள் அதைப் பிரித்து, சக்கரங்களுக்குப் பூசும் கிறீஸை உள்ளே தாராளமாக அப்பித் தந்தார்கள். சத்தம் நின்றது, ஆனால் மூன்று புதிய கோளாறுகள் வந்துவிட்டன. முதலாவது, எறியும் தூரம் பாதியாகக் குறைந்தது. அதைச் சரிசெய்யக் காந்தத் தடுப்பையும் பக்கத்திலுள்ள இறுக்கத் திருகையும் தளர்த்தினேன், இப்போது மூன்று எறிகளுக்கு ஒருமுறை நூல் பந்தாகச் சிக்கிக்கொள்கிறது. இரண்டாவது, மீன் கொத்தியதும் தடியை வெட்டி இழுக்கும்போது கைப்பிடி பின்பக்கமாகச் சுழல்கிறது. நல்ல கெண்டை ஒன்றை இதனால் இழந்தேன். மூன்றாவது, நூலை இருபுறமும் பரப்பிக் கொடுக்கும் வழிகாட்டி வலது முனையில் நின்றுவிட்டு, பிறகு டக்கென்று துள்ளித் திரும்புகிறது. இந்த றீலைக் காப்பாற்ற முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தலவாக்கலை பழைய பிட்டர்:

தம்பி, தாராளமாகக் காப்பாற்றலாம். தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் இயந்திரங்களோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மெதுவாகவும் பாரத்தோடும் சுற்றும் இடத்துக்குக் கிறீஸ், வேகமாகவும் பாரமின்றியும் சுற்றும் இடத்துக்கு எண்ணெய். உங்கள் றீலில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கின்றன. நீங்கள் சொன்ன முதல் இரண்டு கோளாறுகளும் நிச்சயமாக அதனால் வந்தவை.

ஸ்பூலை, அதாவது நூல் சுற்றியிருக்கும் உருளையைத் தாங்கும் இரண்டு சிறிய பெயாரிங்குகளுக்குள் கெட்டியான கிறீஸ் இருந்தால், அதைக் கலக்கிக்கொண்டே ஸ்பூல் சுற்ற வேண்டியிருக்கும். அதிலும் நம்முடைய மலையில் விடியற்காலைக் குளிருக்குக் கிறீஸ் மேலும் இறுகிவிடும்; அதே றீல் நண்பகலில் சற்றுக் கூடுதலாக எறிந்தால் நான் சொல்வது சரியென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கத் தட்டைக் கழற்றி ஸ்பூலை வெளியே எடுங்கள். பெயாரிங்கைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையம் துள்ளிப் பறக்கக்கூடியது ஆகையால், ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் செய்யுங்கள். பெயாரிங்குகளை ஐசோப்புரோப்பைல் அல்ககோலில் போட்டுக் குலுக்கி, அழுக்கு வருவது நிற்கும்வரை திரவத்தை மாற்றி, முழுமையாக உலர்ந்த பின் ஒவ்வொன்றுக்கும் தையல் இயந்திர எண்ணெயில் ஒரே ஒரு துளி விடுங்கள். துளி என்று சொல்வது ஊசி முனையில் தொங்கும் அளவைத்தான். கழுவிய பிறகும் விரலில் மாட்டிச் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்றையும் மில்லிமீற்றரில் அளந்துகொண்டு போனால், பெயாரிங் விற்கும் கடைகளில் அதே அளவில் தேடலாம்.

கைப்பிடி பின்பக்கம் சுழல்வதற்குக் காரணம் கைப்பிடித் தண்டைச் சுற்றியிருக்கும் ஒருவழிப் பெயாரிங். அதற்குள் இருக்கும் சிறு உருளைகள், தண்டு பின்னோக்கித் திரும்ப முயன்றவுடன் சரிவான பள்ளங்களில் ஆப்புப்போல் இறுகிக்கொள்ள வேண்டும். அவற்றைத் தள்ளும் விற்சுருள்கள் மிக மெல்லியவை. கெட்டியான கிறீஸில் உருளைகள் மிதந்துகொண்டிருந்தால் அவை இறுகாமல் வழுக்கிவிடும். கைப்பிடியையும் அதன் அடியிலுள்ள நட்சத்திர வடிவத் திருகையும் கழற்றி, வளைந்த வாஷர்கள் எந்த ஒழுங்கில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்று கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, அல்ககோல் தோய்த்த பஞ்சினால் அந்தப் பெயாரிங்கைத் துடைத்தெடுங்கள். உருளைகளை வெளியே தள்ளிவிடாதீர்கள். அவற்றைத் திரும்ப உட்காரவைக்க எனக்கு ஒருமுறை அரைநாள் பிடித்தது. துடைத்த பின் மெல்லிய எண்ணெய் பூசியும் பூசாததுமாக இருந்தால் போதும்.

பெரிய பற்சக்கரத்தின் பற்களில் மட்டும் மெல்லிய படலமாகக் கிறீஸ் இருக்கட்டும். அதற்குள் இருக்கும் டிராக் வாஷர்களில் (மீன் பலமாக இழுக்கும்போது நூலைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பவை) இந்தச் சக்கரக் கிறீஸ் பட்டிருந்தால் முழுவதும் துடைத்துவிடுங்கள்; பட்ட இடத்தில் டிராக் சீராக விடாமல் வழுக்கியும் பிடித்தும் விளையாடும்.

மஸ்கெலியா தூண்டில்காரர்:

பிட்டர் ஐயா உள்ளே இருப்பதை விளக்கிவிட்டார். நான் எறிவதைப் பற்றிச் சொல்கிறேன். ஈயம் நூலை இழுக்கும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றினால்தான் நூல் சிக்குகிறது. எறியத் தொடங்கும் நொடியிலும் ஈயம் தண்ணீரில் விழும் நொடியிலும் எதிர்க்காற்றிலும் இது நடக்கும். தூரம் குறைந்ததற்குக் காரணம் கிறீஸ் என்றிருக்க, நீங்கள் தடுப்பைத் தளர்த்தியதால் ஒரு குறையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

பெயாரிங்குகளைக் கழுவிய பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து அமையுங்கள். ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு இறுக்கத் திருகைத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தும் பொத்தானை அழுத்திவிட்டால், ஈயம் மெதுவாக இறங்கி நிலத்தைத் தொட்டதும் ஸ்பூல் கிட்டத்தட்ட உடனே நிற்க வேண்டும். ஈயத்தின் எடையை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். காந்தத் தடுப்பை உச்ச எண்ணில் வைத்துத் தொடங்கி, பத்துப் பதினைந்து எறிகளுக்கு ஒருமுறை ஒவ்வோர் எண்ணாகக் குறையுங்கள். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் காந்தத்தின் முன்னால் அலுமினிய ஸ்பூல் சுற்றும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, வேகம் கூடக்கூடத் தடையும் கூடுகிறது. அங்கே உராய்வு இல்லாததால் எண்ணெயும் தேவையில்லை, காந்தங்களில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்தால் போதும். எந்தத் தடுப்பு இருந்தாலும், ஈயம் தண்ணீரைத் தொடும் முன் பெருவிரல் ஸ்பூலின் மேல் இருக்க வேண்டும்.

ஸ்பூலின் விளிம்புவரை நூலை நிரப்பாதீர்கள்; பாரம் கூடினால் அதைத் தொடங்கவும் நிறுத்தவும் கடினமாகிறது, விலை குறைந்த றீல்களில் இது நன்றாகவே தெரியும். சிக்கிவிட்டால் நூலைக் கண்டபடி இழுக்காமல், பெருவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சில சுற்றுகள் சுற்றி, பிறகு பொத்தானை அழுத்தி நூலை மெதுவாக வெளியே எடுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இரண்டு மூன்று தடவைகளில் கழன்றுவிடும்.

நோர்வூட் கரைவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி கழுவி எண்ணெய் விட்டேன். பெயாரிங்குகளில் ஒன்று இன்னும் சற்றுக் கரகரக்கிறது, ஆனால் தூரம் திரும்பிவிட்டது. கைப்பிடி இப்போது ஒரு மயிரளவும் பின்னால் போகவில்லை. காந்தத் தடுப்பு எட்டில் இருக்க, நேற்று நாற்பது எறிகளில் இரண்டு முறை மட்டுமே நூல் சிக்கியது. வழிகாட்டி மட்டும் துடைத்த பின்னும் வலது முனையில் நின்று துள்ளுகிறது.

தலவாக்கலை பழைய பிட்டர்:

அப்படியானால் அது கிறீஸின் குற்றமல்ல. குறுக்குமறுக்காகப் பள்ளம் வெட்டிய திருகுத் தண்டின் மேல் வழிகாட்டி ஓடுகிறது. அதன் அடியில் ஒரு சிறிய மூடியைக் கழற்றினால், பள்ளத்தில் பொருந்தும் உலோக நாக்கு ஒன்று வெளியே வரும். அதன் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் முனையில் திரும்பத் தெரியாமல் தடுமாறும். தண்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், நாக்குத்தான் முதலில் தேயும். கொக்கி எங்காவது மாட்டிக்கொண்டபோது றீலைப் பூட்டிவிட்டு இழுத்த பழக்கம் உண்டா?

மஸ்கெலியா தூண்டில்காரர்:

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் காலங்களில் தெரியும் அந்தச் சுவர்களில் எத்தனையோ கொக்கிகளை இழந்திருக்கிறேன். மாட்டிக்கொண்டால் நூலை ஒரு தடிக்கட்டையில் நாலைந்து சுற்றுச் சுற்றி, கட்டையைப் பிடித்து இழுங்கள். றீலோ தடியோ அந்தப் பாரத்தைத் தாங்கக் கூடாது.

நோர்வூட் கரைவாசி:

உண்மைதான், மரக்குற்றிகளில் மாட்டியபோதெல்லாம் றீலோடுதான் இழுத்தேன். நாக்கின் ஒரு பக்கம் உருண்டிருக்கிறது. அதை அரத்தால் தேய்த்துக் கூராக்கலாமா?

தலவாக்கலை பழைய பிட்டர்:

வேண்டாம் தம்பி. அரம் பட்டால் நாக்கு மெலிந்து பள்ளத்தில் ஆடும், பிறகு நல்ல தண்டையும் வெட்டிவிடும். அதே மாதிரி றீல் பழுதாகி யாரிடமாவது கிடந்தால் அதிலிருந்து எடுப்பதே சிறந்த வழி. என் பெட்டியில் மூன்று பழைய றீல்கள் இருக்கின்றன, உங்கள் றீலின் மாதிரிப் பெயரை எழுதினால் பார்த்துச் சொல்கிறேன். புது நாக்கைப் போட்ட பின் தண்டுக்கு இரண்டு துளி எண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் கைப்பிடியைச் சுற்றி, வழிகாட்டி இரு முனைகளிலும் தடுமாறாமல் திரும்புகிறதா என்று பார்த்த பிறகு நூலைச் சுற்றுங்கள்.