எதிர்வெயிலில் முகம் இருட்டாகாமல் எடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அக்காவின் நிச்சயத்துக்கு முன் பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் அவளையும் மாப்பிள்ளையையும் படம் எடுக்கப் போகிறேன். கடல் பின்னணியில் வர வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் நேராக அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) வைத்தால் முகம் கறுத்துவிடும், முகத்துக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் ஃபில் ஃபிளாஷ், அதாவது நிழலில் இருக்கும் முகத்துக்கு ஃபிளாஷ் வெளிச்சம் கொடுப்பதுதான் வழி என்று புரிகிறது. சிக்கல் வேறு இடத்தில். என் கேமராவின் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200 நொடி. பின்னணி மங்கலாக லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8 என அகலமாக வைத்தால், ஒளியுணர்வு குறைந்த ஐஎஸ்ஓ 100-லேயே ஷட்டர் வேகம் அதைத் தாண்டி வெகுதூரம் போகும். ஹை ஸ்பீட் சிங்க் (அந்த வரம்பைத் தாண்டியும் ஃபிளாஷைப் பயன்படுத்தும் முறை) போட்டால் ஃபிளாஷின் பலம் நன்றாகக் குறைந்துவிடுகிறது. இருவருமே முழு உருவமாக வேண்டும் என்பதால் ஃபிளாஷை அருகில் கொண்டுபோகவும் முடியாது. 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டி, ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி) போட்டு 1/200-லேயே நிற்பது நல்லதா? பட்டப்பகலில் ஃபோகஸ் தடுமாறுமா?

அப்புறம், டிடிஎல்லில் (கேமராவே ஃபிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் முறை) மைனஸ் 1, அதாவது ஒரு ஸ்டாப் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறீர்கள், மேனுவல்தான் என்பவர்களும் இருக்கிறீர்கள். அலைகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு எது நம்பகமானது? காலை வெயிலின் மஞ்சளோடு ஒட்ட ஃபிளாஷுக்கு அரை அளவு ஆரஞ்சு ஜெல் (ஃபிளாஷ் முன் ஒட்டும் நிறத்தாள்) போதுமா, கால் அளவு போதுமா?

ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் குடையைப் பிடிக்க ஆள் இல்லை, கடல்காற்றும் பலமாக வீசும். இந்த நிலைமையில் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் செட்டிங்ஸோடு படத்தையும் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.