டன்விச்சில் கடல் விட்டுவைத்தவை எவை?

கேள்வி:
இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையிலுள்ள டன்விச், இடைக்காலத்தில் பெரும் துறைமுக நகரமாக விளங்கி, அடுத்தடுத்த கடல்கோள்களால் சிற்றூராகச் சுருங்கியது என்று படித்தேன். அங்கே பழைய சமயக் கட்டடங்களில் எஞ்சியவை எவை? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
முதலில் பார்க்க வேண்டியது பிரான்சிஸ்கன் துறவியரின் கிரேஃபிரையர்ஸ் மடம். 1286ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின், அவர்கள் பழைய இருப்பிடத்தைக் கைவிட்டுச் சற்று உள்ளே தள்ளிப் புதிய மடம் எழுப்பினர். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1538இல் இதுவும் மூடப்பட்டது. தேவாலயம் இடிக்கப்பட்டாலும், குடியிருப்புப் பகுதி பிற்காலத்தில் வீடாகவும் நகர மன்றமாகவும் சிறையாகவும் பயன்பட்டதால் தப்பியது. சுற்றுமதிலின் மேற்குப் பக்கத்தில் பெரியதும் சிறியதுமாக இரு வாயில் வளைவுகள் அருகருகே நிற்கின்றன. என் பார்வையில் ஊரின் மிக அழகிய பகுதி அதுதான்.

பதில் 2:
புனித ஜேம்ஸ் தேவாலய வளாகத்தையும் தவறவிடாதீர்கள். தொழுநோயாளர் மருத்துவமனையின் சிற்றாலயச் சுவர்கள் அங்கே அரைவட்டமாக எஞ்சியுள்ளன. 1904 முதல் 1919 வரை சிறிது சிறிதாகக் கடலில் சரிந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் முட்டுச்சுவர் ஒன்றையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கடலில் மூழ்கிய தேவாலயங்களின் மணியோசை கடலடியிலிருந்து கேட்கும் என்பதெல்லாம் ஊர்க்கதை.

பதில் 3:
மணற்பாங்கான செங்குத்துக் கரை இன்றும் அரிக்கப்படுவதால், விளிம்பிலிருந்து விலகியே நடக்கவும்.