குவேக்கர் பள்ளியில் மூணாங்கிளாஸ் கணக்கு: வாய்ப்பாடு வேண்டாமா?

பிலடெல்பியா அப்பா:
பொண்ணு மூணாவது படிக்கிறா. ஊருக்குப் பக்கத்துலேயே ஒரு குவேக்கர் பள்ளி. தெரியாதவங்களுக்கு: குவேக்கர்னா 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல கிளம்பின கிறிஸ்தவப் பிரிவு. கூட்டத்துல எல்லாரும் மௌனமா உட்கார்ந்திருப்பாங்க, யாருக்குப் பேசத் தோணுதோ அவங்க எழுந்து பேசுவாங்க. முடிவெடுக்க ஓட்டெடுப்பும் கிடையாது. பள்ளியிலயும் வாரத்துல ஒருநாள் பிள்ளைங்க அப்படி உட்காரணும். அதெல்லாம் பிடிச்சுத்தான் சேர்த்தோம்.

கணக்குதான் உதைக்குது. மார்க் இல்ல, ரேங்க் இல்ல. ஏழாம் வாய்ப்பாடு கேட்டா விரலை மடக்குறா. "தானா வரும், அவசரப்படுத்தாதீங்க"ங்கறாங்க டீச்சர். வருஷம் 30,000 டாலருக்கு மேல கட்டுறேன். விட்டுப் பிடிக்கவா, இல்ல தாள் தாளா கணக்குப் போட்டுப் பழக்கற கூமான் டியூஷன்ல சேர்க்கவா?

மேட்டூர்க்காரன்:
சேர்த்துடுங்க சார், யோசிக்கவே வேண்டாம். நாளைக்கு அல்ஜீப்ராவுல எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் மைனஸ் 21-ஐ ஃபேக்டர் பண்ணச் சொல்லுவாங்க. 21-ஐப் பார்த்ததும் மூவேழுன்னு மண்டையில அடிக்கணும். அங்க போய் விரல் விட்டுக்கிட்டிருந்தா, எதுக்கு ஃபேக்டர் பண்றோம்ங்கறதே மறந்துடும்.

கரும்பலகை:
நான் இப்படிப்பட்ட ஒரு பள்ளியிலதான் கணக்கு சொல்லித் தர்றேன். உள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன்.

பலகையில 18 பெருக்கல் 5னு எழுதுவேன். பேப்பர், பென்சில் கிடையாது. விடை கிடைச்ச பிள்ளை கையைத் தூக்கக் கூடாது. கட்டைவிரலை நெஞ்சோட ஒட்டிக் காட்டணும். கையைத் தூக்கினா பக்கத்துப் பிள்ளை யோசிக்கிறதை அதோட விட்டுடும். அப்புறம் ஒவ்வொருத்தரா வழியைச் சொல்லணும். ஒரு பையன் "இருபது அஞ்சு நூறு, ரெண்டு அஞ்சு பத்தைக் கழிச்சா 90" என்பான். இன்னொருத்தி "18-ல பாதி 9, 5-ஐ இரட்டிச்சா 10" என்பாள். ஒருத்தன் 540 என்பான். அதையும் எழுதுவேன். 18-ல இருக்கற 1-ஐ அஞ்சால பெருக்கி வந்த 5-க்குப் பக்கத்துல 8 அஞ்சு 40-ஐ அப்படியே ஒட்டிட்டான்னு வகுப்பே கண்டுபிடிக்கும், பெரும்பாலும் அவனே முதல்ல. நான் சரி, தப்புன்னு வாயைத் திறக்கறதில்ல.

மேட்டூர்க்காரன்:
நல்லா இருக்கு டீச்சர், மனசாரச் சொல்றேன். ஆனா இருபது அஞ்சு நூறுன்னு அந்தப் பையனுக்கு எப்படித் தெரிஞ்சுது? வாய்ப்பாடுதானே! அதை வீட்டுல யாரோ உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பேரு உங்களுக்கு.

யார்க்‌ஷயர் தமிழச்சி:
இங்க இங்கிலாந்துல படிச்ச ஒருத்தரைச் சொல்றேன். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், யார்க்ல பூத்தம்ங்கற குவேக்கர் பள்ளியில படிச்சவர். முதல் உலகப்போர்ல துப்பாக்கி தூக்க மாட்டேன்னு பிரான்ஸ்ல ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்த நாட்கள்லயே, 1910 மே 20-ஆம் தேதி வானிலையை வச்சு ஆறு மணி நேரத்துல காற்றழுத்தம் எவ்வளவு மாறும்னு கையாலேயே கணக்குப் போட்டார். 145 மில்லிபார் ஏறும்னு வந்துச்சு. நிஜத்துல அன்னிக்கு அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்ல. மனுஷன் அந்தத் தப்பு விடையை மறைக்காம 1922-ல புத்தகத்துலயே போட்டார். இன்னிக்குக் கம்ப்யூட்டர் வானிலை சொல்றதுக்கு அடிப்படை அவர் காட்டின வழிதான். 540-ஐப் பலகையில எழுதற வகுப்பு எனக்குத் தப்பாத் தெரியல.

மேட்டூர்க்காரன்:
மீதிக் கதையையும் சொல்லுங்க. பிற்பாடு அதே கணக்கைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாங்க. கோளாறு அவர் எடுத்துக்கிட்ட ஆரம்ப அளவுகள்ல. கைக்கணக்குல சொல்லும்படியா குறை இல்ல. அந்தக் கை எப்படிப் பழகுச்சுன்னுதான் கேக்குறேன்.

கரும்பலகை:
பயிற்சி வேண்டாம்னு நான் எங்க சொன்னேன் சார்? எப்ப ஆரம்பிக்கிறதுங்கறதுதான் பேச்சு. 1929-ல அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மான்செஸ்டர்ல பெனசெட்னு ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் சில வகுப்புகள்ல முறையான கணக்குப் பாடத்தையே ஆறாவது வரைக்கும் தள்ளி வச்சார். அதுவரைக்கும் பேசறது, குத்துமதிப்பா அளக்கறது, காசு எண்றது. ஆறாவதுல ஆரம்பிச்ச பிள்ளைங்க அந்த வருஷத்துக்குள்ளயே மத்தவங்களை எட்டிப் பிடிச்சுட்டாங்க.

ஒட்டகச்சிவிங்கி:
அந்த வகுப்புகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்னு அவரே எழுதியிருக்காரு. பத்துப் பெற்றோர்ல ஒருத்தருக்குக்கூட ஆங்கிலம் தாய்மொழியா இல்லாத பகுதி. படிச்ச பெற்றோர் இருக்கற இடம்னா விட மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். குடியேறி வந்தவன் பிள்ளைதானே, எதிர்த்துக் கேக்க மாட்டான்! எட்டிப் பிடிச்சது நிஜமாவே இருக்கட்டும். பிடிக்கலைன்னா யாரு போய்க் கேட்டிருப்பா?

இன்னிக்கு நாம கேக்கலாம், ஃபீஸ் கட்டுறோம். ஆனா பாதிப் பெற்றோர் கேக்காம சாயங்காலம் டியூஷனுக்கு வண்டியைத் திருப்பிடறாங்க. சமத்துவம் குவேக்கர் கொள்கைன்னு பலகையில எழுதி வச்சிருக்கு. டியூஷன் போற பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளி கண்டுக்கறதே இல்ல. உதவித்தொகையில வந்த பிள்ளைதான் அடிபடும்.

கரும்பலகை:
இது சரியான குத்து. எங்க ஆசிரியர் கூட்டத்துல இதைப் பேசினா ரொம்ப நேரம் மௌனம்தான், வேற மாதிரி மௌனம்.

மேட்டூர்க்காரன்:
ஏபி விஷயத்தையும் யோசிங்க, அதான் பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் படிக்கிற வகுப்பு. வாஷிங்டன் வட்டாரத்துல சிட்வெல் ஃபிரெண்ட்ஸ்ங்கற குவேக்கர் பள்ளி உட்பட எட்டுத் தனியார் பள்ளிங்க 2022-க்குள்ள ஏபி வகுப்பையே எடுத்துடறோம்னு 2018-ல சேர்ந்து அறிவிச்சாங்க.

யார்க்‌ஷயர் தமிழச்சி:
எடுத்தது ஏபிங்கற பேரை அண்ணா. கால்குலஸை இல்ல.

பிலடெல்பியா அப்பா:
சரி, இப்ப நான் பள்ளியில என்னதான் கேக்கட்டும்?

கரும்பலகை:
தத்துவம் கேக்காதீங்க. எந்த வகுப்பு முடியறதுக்குள்ள ஒரு இலக்கப் பெருக்கல் யோசிக்காம வரணும்னு எதிர்பார்க்கறீங்க, வரலைன்னா பள்ளிக்குள்ளேயே யார் உட்கார்ந்து பார்ப்பாங்கன்னு கேளுங்க. எங்க பள்ளியில நாலாவது முடியறதுக்குள்ள. அதுக்குச் சீட்டு விளையாட்டு தினமும் உண்டு, அது பயிற்சிதான். வகுப்பைச் சொல்ல முடியலைன்னா மேட்டூர்க்காரர் பக்கம் நானும் வந்துடறேன்.

மேட்டூர்க்காரன்:
பதில் வந்ததும் இங்க போடுங்க சார். அதுவரைக்கும் கூமான் ஃபார்மைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.