ஹூஸ்டனில் வால்வு கிடங்கு போடலாமா? அங்கே தொழில் செய்பவர்கள் சொல்லுங்கள்

எடிசன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் பதினோரு வருடமாக இருக்கிறேன், தொழிற்சாலை உதிரிபாகங்கள் வாங்கும் பிரிவில் வேலை. என் மச்சானுக்குக் கோயம்புத்தூரில் சின்ன ஃபவுண்டரி இருக்கிறது. இத்தனை நாள் மற்ற கம்பெனிகளுக்கு வால்வு பாடி வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், இப்போது முழு வால்வாகவே செய்து சொந்தப் பெயரில் விற்க வேண்டும் என்கிறார். அமெரிக்கப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு.

யாரைக் கேட்டாலும் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்குப் போ என்கிறார்கள். அங்கே வரியே கிடையாது, வாடகை மலிவு, துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஒரே பாட்டு. ஆனால் என் மனைவிக்கு வெள்ளம் பற்றிப் பயம். எனக்கு எண்ணெய் விலை பற்றிப் பயம். போடப்போவது வீடு வாங்கச் சேர்த்த பணம், அதனால் ஆசை வார்த்தை வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். தரகர் ஒரு கிடங்கு காட்டியிருக்கிறார், மற்ற இடங்களை விட வாடகை ரொம்பக் குறைவு, அடுத்த வாரம் கையெழுத்துப் போடச் சொல்கிறார். வரலாமா?

225 சாலைக்காரன்:

தம்பி, பதினான்கு வருடமாக இங்கே வால்வு சப்ளையில்தான் இருக்கிறேன். வால்வு விற்க அமெரிக்காவில் இதைவிட நல்ல ஊர் கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹூஸ்டன் கடற்கரை ஊரே இல்லை. 1900-ல் புயல் வந்து கடற்கரையில் இருக்கிற கால்வெஸ்டன் ஊர் அழிந்தது, ஆயிரக்கணக்கில் ஜனம் செத்தது. அதற்குப் பிறகு உள்ளே இருந்த இந்த ஊர்க்காரர்கள் மத்திய அரசிடம் போய், ஆற்றை ஆழப்படுத்துங்கள், பாதிச் செலவை நாங்களே தருகிறோம் என்று கேட்டு வாங்கிய கால்வாய்தான் இன்றைக்கு ஷிப் சேனல். 1914-ல் திறந்தார்கள், நீளம் 52 மைல். அதற்குள் 1901-ல் பக்கத்தில் போமாண்ட் ஊரில் எண்ணெய் பீறிட்டுவிட்டது, அப்புறம் கேட்கவா வேண்டும், கால்வாயின் இரு கரையிலும் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலையுமாக வந்து உட்கார்ந்துவிட்டன. 1956-ல் உலகத்தின் முதல் கன்டெய்னர் கப்பல்களில் ஒன்று, ஐடியல் எக்ஸ், நெவார்க்கில் இருந்து 58 பெட்டிகளோடு கிளம்பி வந்து சேர்ந்ததும் இங்கேதான். உங்கள் ஊரில் இருந்து எங்கள் ஊருக்கு! இன்றைக்கு பேபோர்ட், பார்பர்ஸ் கட் என்ற இரண்டு கன்டெய்னர் முனையங்களிலும் சேர்த்து வருடத்துக்கு 40 லட்சம் கன்டெய்னர் அலகுக்கு மேல் கையாளுகிறார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றால், பாசடீனா, டீர் பார்க், லா போர்ட், பேடவுன் என்று உங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேரும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கிறார்கள். போன இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு போன் வந்தது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருக்கிறார்கள், ஆறு அங்குல கேட் வால்வு ஒன்று சீட்டில் கசிகிறது, மாற்று உடனே வேண்டும் என்றார்கள். ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கி பிக்கப்பில் வைத்து, 225 நெடுஞ்சாலையைப் பிடித்து ஏழேகாலுக்கு ஆலை வாசலில் நின்றேன். விலையைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. ஆலை ஒரு நாள் நின்றால் அவர்களுக்கு ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் வால்வு விலை தூசு. இந்த வியாபாரம் நியூஜெர்சியில் இருந்துகொண்டு நடக்காது.

ஆனால் அன்றைக்கு அங்கே பெரியவர் ஒருவர் கம்பி பிரஷ்ஷை எடுத்து, பாடியில் இருந்த பெயிண்டைத் தேய்த்து, வார்ப்பில் அடித்திருந்த ஹீட் நம்பரை, அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்ணை, கண்ணாடி போட்டுப் படித்து, நான் கொண்டுபோன எம்டிஆர் (உலோகச் சோதனைச் சான்றிதழ்) காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். ஒரு எழுத்து மாறியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். வார்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதம் சரியில்லை என்றால் இந்த ஊரில் அது வெறும் இரும்பு. இன்னொன்று, பெரிய ஆலைகளுக்கு அங்கீகரித்த தயாரிப்பாளர் பட்டியல் என்று ஒன்று உண்டு, புதுப் பெயரை அதில் ஏற்ற வருடக்கணக்கில் ஆகும். முதல் இரண்டு வருடம் இங்கே இருக்கிற சப்ளையர்கள் வழியாகத்தான் விற்க முடியும், லாபம் குறைவு. கையில் அதைத் தாங்கும் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டி கணக்கர்:

வரியே கிடையாது என்று சொன்னவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் அப்படி நினைத்து வந்து என் மேசைக்கு முன்னால் முகம் வாடி உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். டெக்சஸில் தனிநபர் வருமான வரி கிடையாது, அது நிஜம். ஆனால் நீங்கள் நியூஜெர்சியில் வீட்டை வைத்துக்கொண்டு இங்கே கம்பெனியை மட்டும் பதிந்தால் உங்கள் லாபத்துக்கு நியூஜெர்சி வரி கேட்கத்தான் செய்யும். குடியேறி வந்தால்தான் அந்தப் பலன்.

கம்பெனி தொடங்குவது சுலபம்தான், எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பெனி) பதிய மாநிலத்துக்கு 300 டாலர் கட்டணம். கம்பெனிகளிடம் மாநிலம் வாங்கும் ஃப்ரான்சைஸ் வரி என்று ஒன்று இருக்கிறது, ஆண்டு வருவாய் 24 லட்சம் டாலருக்குள் இருக்கும்வரை நீங்கள் அதைக் கட்ட வேண்டியிருக்காது. கடிக்கிற இடம் வேறு. இங்கே பள்ளிக்கூடமும் கவுண்டியும் நடப்பது சொத்து வரியில். மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வரும், தண்ணீர் வடிகாலுக்கு என்று தனி மாவட்டம் இருக்கிற பகுதிகளில் இன்னும் கூடும். வாடகைக்குத்தானே இருக்கிறோம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். கிடங்கு ஒப்பந்தம் பெரும்பாலும் ட்ரிபிள் நெட், அதாவது வாடகைக்கு மேல் கட்டடத்தின் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் உங்கள் தலையில். தரகர் சொல்லும் மலிவு வாடகை இந்த மூன்றும் சேராத தொகையா என்று முதலில் கேளுங்கள்.

வெளியூரில் இருந்து வருபவர்களுக்குத் தெரியாத ஒன்று, டெக்சஸில் கடைச் சரக்குக்கும் சொத்து வரி உண்டு. ஜனவரி 1 அன்று கிடங்கில் என்ன இருக்கிறதோ அதன் மதிப்பை ஏப்ரல் 15-க்குள் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு வரம்புக்கு மேல் போனால் வரி. வால்வு மெதுவாக நகரும் சரக்கு, எனவே உங்களுக்கு இது பெரிய விஷயம். டெக்சஸுக்கு வெளியே 175 நாளுக்குள் அனுப்பும் சரக்குக்குச் சில இடங்களில் விலக்கு கிடைக்கும், ஆனால் அது அந்தப் பகுதிப் பள்ளி மாவட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது, தெருவுக்குத் தெரு மாறும். டிசம்பர் கடைசியில் கன்டெய்னர் வந்து இறங்காதபடி பார்த்துக்கொள்வது என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அப்புறம் இரும்புக்கான சுங்கவரி. விலை போடுவதற்கு முன்னாலேயே ஒரு நல்ல சுங்கத் தரகரிடம் உங்கள் வால்வு எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா. எல்லாக் கணக்கையும் அந்த ஒன்று தலைகீழாக்கிவிடும்.

மேற்கு ஹூஸ்டன் மீனா:

உங்கள் மனைவி பயப்படுவது நியாயம். 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் வந்தபோது நானும் என் கணவரும் பம்ப் சீல், கேஸ்கெட் வைத்து ஒரு சின்னக் கிடங்கு நடத்திக்கொண்டிருந்தோம். மழையில் தப்பிவிட்டோம் என்று சாமிக்கு விளக்கேற்றினேன். அதன் பிறகு மேற்கே இருக்கிற ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களில் இருந்து தண்ணீர் திறந்தார்கள். மழை நின்ற ஊரில் வெயில் அடிக்கும்போது எங்கள் கதவடியில் தண்ணீர் ஏறியது. பதினொரு நாள் கழித்து உள்ளே போனபோது சுவரில் என் மார்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடு, கால் வைத்த இடமெல்லாம் அந்த நாற்றம். கேஸ்கெட் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. இரும்புச் சாமான்களைக் கழுவித் துடைத்து எடுத்தோம், ஆனால் சான்றிதழ்கள் எல்லாம் கீழ் டிராயரில் இருந்தன, கூழாகிவிட்டன. மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, காகிதம் இல்லாவிட்டால் வெறும் இரும்பு என்று, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம். பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடைக்குத்தான் போனது.

நாங்கள் கட்டிவந்த வணிகக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. தனியாக எடுக்க வேண்டும், பெரும்பாலும் எடுத்த நாளில் இருந்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயல் வளைகுடாவுக்குள் வந்த பிறகு போன் செய்து பயனில்லை. கவுண்டியின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அதோடு பக்கத்துக் கடைக்காரரிடம் போய் ஹார்வியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், வரைபடம் சொல்லாததை அவர் சொல்லுவார். தளம் லாரி உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருக்கிற கிடங்காகப் பாருங்கள், அந்த நாலடி எங்களுக்கு இருந்திருந்தால் பாதிச் சரக்கு பிழைத்திருக்கும்.

ஹூஸ்டனில் ஜோனிங், அதாவது எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று பிரிக்கும் சட்டம், கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்களே வாக்களித்து வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் தொழில் தொடங்குவது சீக்கிரம் நடக்கும், வாடகையும் ரொம்ப ஏறாமல் இருக்கும். அதே காரணத்தால் மண் தண்ணீர் குடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிமென்ட் போட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. மின்சாரத்தையும் நம்பி இருக்காதீர்கள், 2021 பிப்ரவரிக் குளிரிலும் 2024 ஜூலையில் பெரில் புயலிலும் நாள்கணக்கில் இருட்டில் இருந்தோம்.

இத்தனைக்குப் பிறகும் நாங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தண்ணீர் வடிந்த அதே வாரம் ஆலைகளில் இருந்து ஆர்டர் வந்தது. அது இல்லையென்றால் எழுந்திருக்க முடியாது.

பெயர்லேண்ட் தாத்தா:

நான் இந்த ஊருக்கு வந்தது 1983-ல். 1986-ல் எண்ணெய் பீப்பாய் 30 டாலரில் இருந்து பத்துப் பன்னிரண்டுக்கு விழுந்ததை இங்கே உட்கார்ந்து பார்த்தவன். இங்கே இருக்கிற மீனாட்சி கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. ஆட்கள் வீட்டுச் சாவியை வங்கிக்குத் தபாலில் அனுப்பிவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஏழு பேரில் இரண்டு பேர் மிஞ்சினோம்.

இன்றைக்கு நிலைமை அப்படியே இல்லை. 2020 ஏப்ரலில் விலை ஒரு நாள் பூஜ்யத்துக்குக் கீழேயே போனது, ஊர் அடி வாங்கியது, ஆனால் 86 போல விழவில்லை. டெக்சஸ் மெடிக்கல் சென்டரில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், எண்ணெய் விலை என்ன ஆனாலும் அங்கே இருக்கிற எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளி வருவது நிற்காது. எல்என்ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு, வேறு இப்போது பெரிய வேலையாகிவிட்டது. 2016-ல்தான் லூசியானா எல்லையில் சபீன் பாஸில் இருந்து முதல் கப்பல் போனது, 2023-ல் அமெரிக்கா உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டது. எக்ஸான்மொபில் தலைமையகத்தை டல்லாஸ் பக்கத்தில் இருந்து இங்கே மாற்றியது, ஷெவ்ரானும் கலிபோர்னியாவில் இருந்து மாறுவதாக 2024-ல் அறிவித்தது. கொள்முதல் முடிவு எடுக்கிறவர்கள் எல்லாம் இந்த ஊரில் சேர்கிறார்கள், சின்ன விற்பனையாளருக்கு அதுதான் லாபம்.

ஆனாலும் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை மட்டும் நம்பிக் கடை போடாதே அப்பா. விலை விழுந்தால் அவர்கள்தான் முதலில் நிறுத்துவார்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஆலைக்குப் பராமரிப்புச் சாமான் விற்கிறவன் 86-லும் பிழைத்தான், தேய்ந்த வால்வை மாற்றாமல் ஆலையை ஓட்ட முடியாது இல்லையா. கடன் வாங்கிச் சரக்கை நிரப்பாதே. விலை ஏறுகிற வருடத்தில் எல்லோரும் நிரப்புவார்கள், அடுத்த வருடம் அதே சரக்கு பாதி விலைக்கு வெளியே வரும், அப்போது வாங்கு.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இரவு மனைவியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மீனா அக்கா சொன்னபடி தரகர் காட்டிய முகவரியை வரைபடத்தில் போட்டேன், நூறாண்டு வெள்ளப் பகுதிக்குள், அதாவது எந்த ஒரு வருடத்திலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பகுதிக்குள், இருக்கிறது. ஹார்வியில் என்ன ஆனது என்று அவரிடம் கேட்டேன், பேச்சை மாற்றினார். ட்ரிபிள் நெட்தானா என்றும் கேட்டேன், ஆமாம், மூன்றும் தனி. கையெழுத்துப் போடவில்லை.

கிடங்கு எடுக்காமலே முதல் வருடம் யாருடைய கிடங்கிலாவது பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கணக்கில் இடம் வாங்கி, ஒரே ஒரு கன்டெய்னர், இரண்டு மூன்று அளவு மட்டும் வைத்துப் பார்க்கலாமா? மே மாதம் ஆஃப்ஷோர் டெக்னாலஜி கான்ஃபரன்ஸ் நடக்கும்போது நேரில் வர நினைக்கிறேன்.

225 சாலைக்காரன்:

பாலெட் கணக்குதான் சரி. 290 நெடுஞ்சாலைக்கும் பெல்ட்வே 8 சுற்றுச்சாலைக்கும் நடுவில், வடமேற்குப் பக்கம் பாருங்கள், எண்ணெய்க் கருவி வியாபாரிகள் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், காலி இடத்தை வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. மாநாட்டுக்கு வருவது நல்லதுதான், ஆனால் அங்கே வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் விற்க வருகிறவர்கள். ஒரு நாள் முன்னதாக வாருங்கள், மூன்று சப்ளையர்களிடம் கூட்டிப்போகிறேன். மச்சான் செய்த வால்வில் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள், சின்னதாக இருந்தால் போதும், இரண்டு அங்குலம். எம்டிஆர் மறக்க வேண்டாம். ஹீட் நம்பர் மேல் பெயிண்ட் அடிக்காமல் விடச் சொல்லுங்கள்.