காபி மண்டி போட்டதிலிருந்து கறிவேப்பிலை மஞ்சளாகுது, உதவுங்க

அல்சூர் மாடி:
வணக்கம். பெங்களூர் அல்சூரில் மூணாவது மாடியில பத்துத் தொட்டி வெச்சிருக்கேன். வீட்ல ரெண்டு வேளையும் ஃபில்டர் காபி. மண்டி செடிக்கு நல்லதுன்னு கேள்விப்பட்டு, ஒன்றரை மாசமா தினமும் ஃபில்டரை அப்படியே கறிவேப்பிலைத் தொட்டியில தட்டினேன். இப்போ மேலே வெள்ளைப் பூஞ்சை, கொசு மாதிரி குட்டிப் பூச்சி, இலையெல்லாம் மஞ்சள். பக்கத்துத் தொட்டியில கீரை விதைச்சு அதுலயும் போட்டேன், பாதிகூட முளைக்கலை. கறிவேப்பிலை அம்மா ஊர்லேர்ந்து கொண்டுவந்த கன்னு, மனசே கேக்கலை. காபியோட அமிலமா? சுண்ணாம்பு போடலாமா?

ஜெயநகர் தோட்டம்:
சுண்ணாம்பு வேண்டாம்மா. அமிலத்தில் பெரும்பங்கு டிகாஷனோட இறங்கிடும், மிஞ்சுற மண்டியில அவ்வளவா இருக்காது. எனக்குச் சந்தேகம் அதோட நைஸ் மேலதான். ஈரமா அடுக்கடுக்கா போட்டா இறுகிப்போய் தண்ணியையும் காத்தையும் உள்ளே விடாது. ஒரு குச்சியால குத்திப் பாருங்க, அடியில மண் எப்படி இருக்கு?

அல்சூர் மாடி:
குத்தினேன் சார். மேலே ரெண்டு விரல் கனத்துக்கு அடை மாதிரி இருக்கு. அதுக்குக் கீழே மண் பொடிப்பொடியா காய்ஞ்சு கிடக்கு! ஊத்தின தண்ணியெல்லாம் ஓரமா வழிஞ்சு தட்டுக்குப் போயிருக்கு.

ஜெயநகர் தோட்டம்:
அப்போ செடி தாகத்துல இருக்கு. அடையை முழுசா எடுத்துடுங்க. வேர் அறுபடாம மேல்மண்ணை லேசா கிளறி, கொஞ்சம் கொஞ்சமா மூணு தடவை தண்ணி விடுங்க. இன்னொண்ணு, மண்டியில சுமார் 2 சதவீதம் நைட்ரஜன் உண்டு, ஆனா அது உடனே வேருக்குக் கிடைக்காது. மண்டியை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் முதல்ல மண்ணுல இருக்கிற நைட்ரஜனையும் எடுத்துக்கும். இலை மஞ்சளாக அதுவும் காரணமா இருக்கலாம். வெள்ளைப் பூஞ்சையும் மக்க வைக்கிறதுதான், பயப்படாதீங்க. மேல்மண் காய்ஞ்சா பூச்சி குறையும்.

மல்லேஸ்வரம் பாட்டி:
கீரை முளைக்காததுக்கு மண்டியில மிச்சமிருக்கிற காஃபீனும் காரணம்மா. விதை, நாத்துப் பக்கமே கொண்டுபோகாதே. நான் பேப்பர்ல பரப்பி ரெண்டு நாள் காயவெச்சு, கம்போஸ்ட் பக்கெட்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாம, காய்கறித்தோலோடயும் காய்ஞ்ச இலையோடயும் சேர்ப்பேன். எங்க தெருவுல தூங்குமூஞ்சி மரத்து இலை கோணி கோணியா கிடைக்கும். அது கறுத்து, மண்வாசனை வந்தப்புறம்தான் தொட்டிக்கு. அப்புறம், டிசம்பர், ஜனவரிக் குளிர்ல இங்கே கறிவேப்பிலை சோர்ந்துதான் நிக்கும். அதைப் பார்த்து உரத்தை அள்ளிப் போட்டுடாதே. எடுத்த அடையைத் தெருவுல கொட்டாதே, காஃபீன் நாய்க்கு விஷம்.

அல்சூர் மாடி:
மூணு வாரம் ஆச்சு. அடையை எடுத்த மறுநாளே தண்ணி அடி வரைக்கும் இறங்குச்சு. இன்னிக்கு நுனியில ரெண்டு துளிர்! ரொம்ப நன்றி சார், நன்றி பாட்டி. பழைய இலை மட்டும் பச்சைக்குத் திரும்பலை, உதிருது.

மல்லேஸ்வரம் பாட்டி:
அது திரும்பாது கண்ணு, உதிரட்டும். துளிர் நாலஞ்சு இணுக்கு ஆகுற வரைக்கும் ரசத்துக்குக் கடையிலேயே வாங்கிக்கோ.