தங்கச்சி படிப்புக்கும் தறிக் கணக்குக்கும் ஒரே லேப்டாப்: 40 ஆயிரத்துக்குள் எதைப் பார்த்து வாங்குவது?

சோமனூர் தறி

வணக்கம்ங்க. தங்கச்சி இந்த வருடம் கோவையில் பி.காம். சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) சேர்ந்திருக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். காலேஜில் எக்ஸெல், டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர், கொஞ்சம் சி புரோகிராம் வரும் என்கிறார்கள். வீட்டில் தறி ஓடுகிறது. கூலி, பாவு நூல் வரவு, துணி டெலிவரி எல்லாம் இன்னும் அப்பாவின் நோட்டில்தான் இருக்கிறது, அதையும் அவளே டேலியில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

பட்ஜெட் 40 ஆயிரம், ரொம்ப அவசியம் என்றால் ஒன்றிரண்டு ஆயிரம் இழுத்துக்கொள்ளலாம். காந்திபுரத்தில் ஒரு கடையில் மூன்று காட்டினார்கள். செலரான் என்4500 பிராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி ஸ்டோரேஜ். அப்புறம் ரைசன் 3 7320யு, 8 ஜிபி, 512 ஜிபி. மூன்றாவது ஐ3-1215யு, அதே 8 ஜிபி, 512 ஜிபி. எல்லாமே நல்லா ஓடும்ங்க என்கிறார் கடைக்காரர். இதற்கு நடுவில் நண்பர் ஒருவர், பாதி விலையில் பழைய ஐ5 கிடைக்கும், புதுசு எதற்கு என்கிறார். நான்கு வருடமாவது தாங்க வேண்டும். எது எடுக்கலாம், கடையில் நின்றபடியே எதைச் சோதிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஈரோடு சர்வீஸ்

தம்பி, செலரானை விட்டுவிடுங்கள். பிராசஸருக்குள் வேலை செய்கிற பகுதியை கோர் என்பார்கள், இதில் இரண்டே கோர். குரோமில் ஆறேழு டேப் திறந்து பின்னால் டேலியும் ஓடினால், அப்டேட் வருகிற அன்றைக்கு மவுஸ் நகரவே யோசிக்கும். 8 ஜிபி ராம் போட்டிருந்தாலும் பிராசஸரின் வேகம் அதனால் அதிகமாகாது.

7320யு மோசமில்லை, ஆனால் அந்த 7ஐப் பார்த்து ரொம்பப் புதுசு என்று நினைக்க வேண்டாம். ரைசனின் அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கோர் எந்தத் தலைமுறை என்று சொல்லும். இங்கே அது 2, அதாவது 2019இல் வந்த ஜென் 2. நான்கு கோர், தினப்படி வேலைக்குப் போதும். சிக்கல் ராமில் இருக்கிறது. இந்த பிராசஸருக்கு எல்பிடிடிஆர்5 ராம் மட்டும்தான், அதை போர்டிலேயே சோல்டர் செய்துவிடுவார்கள், பின்னால் ஏற்றவே முடியாது. அந்த 8 ஜிபியிலும் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். நான்கு வருடம் தாங்க வேண்டும் என்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

என் ஓட்டு 1215யுவுக்கு. 2022இல் வந்தது, வேகமான கோர் இரண்டு, சின்ன கோர் நான்கு. பல மாடல்களில் ராம் ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கும், பின்னால் இன்னொரு 8 ஜிபி போட்டால் ஆள் மாறிவிடும். ஆனால் எல்லா மாடலும் அப்படி இல்லை, கடைக்காரர் வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். டெமோ பீஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி போனால் கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். சோல்டர் செய்ததையும் சில மாடல் ஸ்லாட் கணக்கில் காட்டிவிடும், அதனால் பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியையும் பாருங்கள்: எஸ்ஓடிஐஎம்எம் என்று இருந்தால் கழற்றி மாட்டுகிற ராம், ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் போர்டோடு ஒட்டியது. அங்கேயே டிஸ்க் என்ற இடத்தில் எஸ்எஸ்டி, என்விஎம்இ என்று இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் இஎம்எம்சி என்கிற ஸ்டோரேஜ் வைத்திருப்பார்கள், வேகம் குறைவு, மாற்றவும் முடியாது.

இன்னொரு விஷயம், இது நம்ம பக்கத்துக்கு மட்டும். தறி ஓடுகிற வீடு என்றீர்கள். எங்களிடம் வருகிற லேப்டாப்பில் பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் என்று ஊர் சொன்னாலே, கழற்றும் முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். ஃபேன் கீழ்ப்பக்கமிருந்து காற்றை இழுக்கிறது, பறக்கிற பஞ்சும் கூடவே போகிறது, சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் கம்பளித்துண்டு போலப் படிந்து நிற்கும், விரலால் பிடித்து இழுத்தால் அப்படியே முழுசாக உரிந்து வரும். காற்று வெளியேற வழியில்லை என்றால் பிராசஸர் சூட்டைத் தாங்க முடியாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் பழசாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்று வருகிறவர்கள் பலருக்கு இந்தப் பஞ்சுதான் காரணம். அதனால் தறிக்குடோனுக்குள் அதைத் திறக்கவே வேண்டாம். வீட்டில் மேஜைமேல் வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள், மெத்தைமேலும் மடிமேலும் வேண்டாம். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

சார்ஜரை மூன்று பின் உள்ள, எர்த் சரியாக இருக்கிற பிளக்கிலேயே போடுங்கள். எர்த் இல்லாத இடத்தில் உலோக பாடியில் கை வைத்தால் சுர்ரென்று இருக்கும்.

கோபி டீச்சர்

ஈரோடு அண்ணன் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார், நான் பிள்ளைகள் தினமும் தொடுகிற பக்கத்தைச் சொல்கிறேன். காமர்ஸ் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கிறேன்.

டேலியில் நாள் முழுக்க எண்தான் அடிக்க வேண்டும். வலது ஓரத்தில் நம்பர் பேட் இருக்கிறதா பாருங்கள். 15.6 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்கும், 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் 15.6 கொஞ்சம் கனம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும், சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 14 வாங்கி, வீட்டுக் கணக்குக்கு மட்டும் யூஎஸ்பி நம்பர் பேட் தனியாக வைத்துக்கொள்வது என் கணக்கில் நல்ல வழி, சில நூறு ரூபாய்தான் ஆகும்.

ஸ்கிரீனில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஃபுல் எச்டி என்று போட்டிருப்பார்கள், உள்ளே டிஎன் என்கிற மலிவு வகைப் பேனலாக இருக்கும். கருப்பு அதிகமாக இருக்கிற ஒரு படத்தைத் திறந்து வைத்து, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். நிறம் வெளுத்தும் தலைகீழாகவும் மாறினால் அது டிஎன். ஐபிஎஸ் வகைப் பேனல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் ஒரே மாதிரி தெரியும். நான்கு வருடம் கண் பார்க்கப்போகிற பொருள் அது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பட்ஜெட் மாடல்களில் வெளிச்சம் 250 நிட்ஸ்தான் இருக்கும், ஜன்னல் ஓரத்தில் மங்கலாகத் தெரியும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

விண்டோஸ் எஸ் மோடில் வந்தால் ஸ்டோரில் உள்ளவை மட்டுமே ஏறும், அதிலிருந்து இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்பப் போக முடியாது. எம்எஸ் ஆஃபீஸ் இருக்கிறது என்று சொன்னால் முழுசாக இருக்கிறதா, சில நாள் டிரையலா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். டேலியில் படிப்புக்கென்று எஜுகேஷனல் மோடு இலவசம், ஆனால் மாதத்தில் ஒன்று, இரண்டு, கடைசித் தேதி என்று மட்டும்தான் பதிவு போட விடும். பழகுவதற்கு அது போதும். அப்பாவின் கணக்கை ஏற்ற லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும், அதைப் பட்ஜெட்டில் சேர்த்தீர்களா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

பழைய ஐ5ஐ அப்படியே தள்ளிவிட வேண்டாம். கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுக் கொடுக்கிற லேட்டிட்யூட், திங்க்பேட் மாதிரியான லேப்டாப்களின் கீபோர்டும் கீலும் 40 ஆயிர ரூபாய்ப் புது லேப்டாப்பில் கிடைக்காது. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அதில்தான் வேலை செய்கிறோம்.

ஆனால் ஐ5 என்ற ஸ்டிக்கருக்கு மட்டும் பணம் கொடுக்கக் கூடாது. ஐ5-6300யு என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8350யு என்றால் எட்டு, ஐ5-10210யு என்றால் பத்து. விண்டோஸ் 11 ஆதரிக்கிற பட்டியலில் இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் இருக்கிறது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய ஆறும் ஏழும் இப்போது மார்க்கெட்டில் குவிவதற்கு அதுதான் காரணம். அதில் எப்படியாவது 11 ஏற்றிக் கொடுப்பார்கள், பார்க்க ஓடும், ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. வீட்டுக் கணக்கும் வங்கி விவரமும் இருக்கப்போகிற லேப்டாப்பில் அந்த வேலை வேண்டாம்.

பேட்டரியையும் விடாதீர்கள். கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் முதலில் எவ்வளவு கொள்ளளவு இருந்தது, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு நிற்கிறது என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிதான் இருந்தால் புது பேட்டரி விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். உங்கள் தங்கச்சிக்கு என்று கேட்டால் புதுசையே சொல்வேன், காலேஜில் எல்லா இடத்திலும் பிளக் கிடைக்காது.

சோமனூர் தறி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்று தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐ3 மாடலில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி, எஸ்ஓடிஐஎம்எம் என்றே காட்டியது, டிஸ்க் என்விஎம்இ. ஆனால் டீச்சர் சொன்ன மாதிரி மூடியைச் சாய்த்தால் கருப்பெல்லாம் வெளுத்துவிட்டது. அதே பிராசஸரில் வேறு கம்பெனியின் 14 அங்குலம், ஐபிஎஸ், 1,500 ரூபாய் கூட. அதிலும் ஒரு ஸ்லாட் காலிதான். அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. டேலி லைசென்ஸை நாங்கள் நினைக்கவே இல்லை, அதைத் தீபாவளிக்கு மேல் பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார், அதுவரை எஜுகேஷனல் மோடில் பழகிக்கொள்ளட்டும்.

பில்லை அவள் பெயரில் போடவா, தறி ஜிஎஸ்டி எண்ணில் போடவா?

ஈரோடு சர்வீஸ்

நல்ல தேர்வு தம்பி. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்கள் பதிவு காம்போசிஷன் என்கிற சிறு தொழிலுக்கான எளிய வரித் திட்டத்தில் இல்லாமல் சாதாரணப் பதிவாக இருந்தால், தொழிலுக்குப் பயன்படும் அளவுக்கு உள்ளீட்டு வரி எடுக்கலாம் (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நீங்கள் கட்டுகிற ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது), அதற்கு பில்லில் உங்கள் எண் இருந்தாக வேண்டும். வருமான வரியிலும் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. படிப்புக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதால் எவ்வளவு எடுப்பது என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கடையிலேயே பிரித்து, பெட்டி, லேப்டாப்பின் அடிப்பக்கம், பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று ஒத்துப்பாருங்கள். அந்த எண்ணைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று வரும், பழைய தேதி இருந்தால் பில்லைக் காட்டி அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ராம் ஏற்றுவதை இப்போதே செய்ய வேண்டியதில்லை, டேலி லைசென்ஸ் வாங்கும்போது சேர்த்துப் பாருங்கள். அதற்குத் திறந்தால் வாரண்டி போய்விடுமா என்று மட்டும் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.